தொடக்கூடாத கால்

தேசியப் பெண்கள் கால்பந்து லீக் இப்போதெல்லாம் வீராங்கனைகளின் கனவில்தான் நடந்தது. ஜெரின்சா தன் வீட்டுக் கட்டிலில் தூங்கியபடியே சீசனின் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவளை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அவளுக்குச் சிவப்பு அட்டை.

அவளுடைய அம்மா மரியபுஷ்பம் கட்டிலோரம் உட்கார்ந்து டிவியில் அந்த ஆட்டத்தைப் பார்த்தாள். கடல்போல் அலையடிக்கும் நீலப் புல்வெளியில் எவளோ ஒருத்தி காலை வாரிவிட, ஜெரின்சா விழுந்தாள். கட்டிலில் முழங்கால் துடித்தது. அம்மாவின் கை தன்னையறியாமல் அதை நீவிவிட்டது.

டிவியில் விசில் ஒலித்தது.

ஜெரின்சா கண்விழித்தபோது, டிவியில் பத்துப் பேராகிவிட்ட அவள் அணி கோல் வாங்கிக்கொண்டிருந்தது. கோப்பை போயிற்று.

“தொட்டியாம்மா?”

“வலிக்குமேன்னு... மக்களே...”

ஜெரின்சா காலைத் தூக்கி அம்மாவின் மடியில் போட்டாள்.

“இனி யாரு விசில் ஊதப்போறா? நல்லா தேய்ச்சுவிடு.”