அத்தனை பேருக்கும் ஒரே தப்பு

சடசடவென்று விடைத்தாள்களைப் பிடுங்கினார் அதிகாரி தேவசகாயம். பழங்குடி மாணவிகளின் அறிவியல் மதிப்பெண் மட்டும் வருடா வருடம் ஏறுகிறதே, எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் ஏழாயிரம் அடி மலையேறி வந்திருந்தார். கண்டுபிடித்தும்விட்டார்.

“தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். எல்லாரும் தொண்ணூத்தி மூணுன்னு எழுதியிருக்கீங்க! காப்பியடிக்கிறதுல தப்பையுமா சேத்து அடிப்பீங்க? அத்தனை பேருக்கும் முட்டை!”

முட்டை என்றால் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காது. முதல் பெஞ்சிலிருந்த வெள்ளச்சி எழுந்துபோய் வகுப்பு மூலையிலிருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தண்ணீரை ஏற்றினாள். அது தளதளவென்று கொதித்ததும் தெர்மாமீட்டரை உள்ளே விட்டாள்.

தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். பாதரசம் தொண்ணூற்று மூன்றைத் தாண்டவில்லை.

“நாங்க வெச்சுப் பாத்துட்டுத்தான் எழுதினோம் சார்” என்றாள் வெள்ளச்சி. “கீழ உங்க ஊர்ல நீங்க வெச்சுப் பாத்தீங்களா? நெசமாவே நூறு வருதா?”