மஞ்சள் பட்ட தாள்

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவின் மத்தியான வெயில் அச்சகத்துக்குள் மேசைக்கால் வரை வந்து கிடக்கிறது. போலீஸ் ஏட்டு கண்ணுசாமி தன் மகளின் கல்யாணக் கார்டுக் கட்டைப் பிரித்து, முதல் கார்டின் மூலைகளில் மஞ்சள் தடவுகிறார். கட்டைச் சுற்றியிருந்த தாளில் விரலைத் துடைக்கப் போனவர், அதைப் படிக்கத் தொடங்குகிறார். அப்போதுதான் அச்சகத்தை நடத்தும் ஹஃப்ஸா அது எந்தத் தாள் என்று பார்க்கிறாள். மை சரியாக விழாத கழிவுத் தாளில் கார்டுகளைக் கட்டிக் கொடுப்பது அவள் வழக்கம். ஆனால் இது, தடுப்புக்குப் பின்னால் அச்சுப் பையன் சேரன் மெஷினில் ஓட்டிக்கொண்டிருக்கும் பத்திரிகையின் தாள். வயலை இறால் பண்ணையாக்குகிறவர்களையும் அவர்களுக்குத் துணைபோகும் போலீசையும் பெயர் சொல்லி எழுதும் பத்திரிகை. எங்கே அச்சாகிறது என்று ஸ்டேஷனே தேடும் பத்திரிகை. மஞ்சள் விரல் வரிவரியாக இறங்கி ஒரு பெயரில் நிற்கிறது. “வீட்டுக்காரர் இன்னும் துபாய்லதானாம்மா?” “ஆமாங்க.” “தனியாளா எல்லாத்தையும் பாத்துக்கிறீங்க.” தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். “உள்ள என்ன ஓடுது?” “நிக்காஹ் கார்டுங்க.” அவர் தலையாட்டுகிறார்; எழுந்திருக்கவில்லை. உள்ளே மெஷின் சத்தம் நிற்கிறது. “அக்கா, இப்ப மை சரியா விழுதா பாருங்க” என்றபடி, பத்திரிகையின் ஈரத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சேரன் தடுப்பைத் தாண்டி வருகிறான்.