தேதி மட்டும் எழுதிய சீட்டு

மான் வேட்டை தொடங்க இன்னும் ஒன்பதே நாள். இந்த நேரத்தில் எவனாவது தன் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வருவானா?

மார்லிஸின் மண்டையைக் குடைந்தது அதுதான்.

அவளுடைய ரொட்டிக்கடைக்கு நேர் எதிரே ஓரினின் துப்பாக்கிக் கடை. எண்ணெயிலிருந்து டோனட்டை எடுக்கும்போதெல்லாம் கண் தானாக அந்த வாசலுக்குப் போகும். இந்த வாரம் மட்டும் மூன்று பேர் நீள உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்று பேரும் கைவீசிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவன் மரம் அறுக்கும் வெர்ன். போன மாதம்தான் அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஓரின் யாருக்கும் ரசீது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. கண்ணாடி வழியே அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஊர்மன்றக் கூட்டம். ஓரின் கடையின் அனுமதியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று ஊரே கைதூக்கி முடிவு செய்யப் போகிறது. வேண்டாம் என்று மனு கொடுத்தவள் மார்லிஸ்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி லைல் ஒரு நாள் காலையில் அந்தக் கடையில் துப்பாக்கி வாங்கினான். அன்று சாயங்காலமே தன்னைச் சுட்டுக்கொண்டான்.

போன கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், துப்பாக்கி என்ன செய்யும், மனுஷன்தானே காரணம், விற்றவரைக் குறை சொன்னால் மார்லிஸின் டோனட்டைத் தின்று நெஞ்சடைத்தவர்களுக்கும் கணக்குக் கேட்கலாமே என்றார். கூட்டம் சிரித்தது.

"டோனட்ட யாரும் நூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் இருந்து அடுத்தவன் நெஞ்சுக்குள்ள அனுப்பறதில்ல" என்றாள் மார்லிஸ். சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் அவள் பக்கம் சாயவில்லை. பேச்சு போதாது, ஆதாரம் வேண்டும்.

புதன்கிழமை, மிஞ்சிய ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு எதிர்க்கடைக்குள் போனாள். அவள் உள்ளே வந்து ஆறு வருஷம். ஓரின் எழுந்து நின்றுவிட்டார்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. இரும்பு அலமாரிக்குள் வரிசையாகத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் விசையிலும் நூலில் கட்டிய வெள்ளைச் சீட்டு. சீட்டில் பேர் இல்லை. தேதி மட்டும்.

"அதெல்லாம் என்ன விலை?"

"அது விக்கறதுக்கில்லம்மா."

"யாரோடது?"

"சொல்றதுக்கில்ல."

ஓரின் போய் அலமாரியைப் பூட்டினார். அதற்குள் அவள் எண்ணியிருந்தாள். பதினொன்று.

வீட்டில் அவள் புருஷன் டுவேன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். வசந்தத்தில் காகித ஆலையை மூடியதிலிருந்து சமையல் அவன் பொறுப்பு. முட்டிவலி, இந்த வருஷம் வேட்டைக்கும் போகப்போவதில்லை என்றிருந்தான். அவள் கண்டுபிடித்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். திருட்டுச் சாமானாக இருக்கலாம், பேர் தெரியாமல் விற்கிற கள்ள வியாபாரமாக இருக்கலாம் என்றாள்.

"விடேன், மார்லி" என்றான் டுவேன். கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கூட்டத்தில் அவள் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டாள். "பின்னறையில பேர் இல்லாம பதினோரு துப்பாக்கி. யார் யாரோடதுன்னு ஓரின் சொல்லிட்டா, நான் மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

ஓரின் எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு முறை பார்த்தார்.

"சொல்ல மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டார்.

போன முறை அவருக்காக மேஜையைத் தட்டியவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அனுமதி ரத்து. மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். ஓரினுக்காக எழுந்த கைகள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். ஒன்று வெர்னுடையது.

இன்னொன்று டுவேனுடையது.

வண்டியில் ஏறும்வரை பொறுத்துக்கொண்டாள்.

"எதுக்குக் கை தூக்கின?"

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. "ஏப்ரல் பதினாலுன்னு ஒரு சீட்டு பாத்தியா? அது என்னோடது."

ஆலை மூடிய பிறகு பத்து நாள் அவன் பின்கொட்டகையிலேயே கிடந்ததை, அங்கே ஏதோ ஒழுங்குபடுத்துகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். ஏணி இரவல் கேட்க வந்த ஓரின், அவன் மடியில் இருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு மறுபடி வேட்டைக்குப் போகத் தோன்றும்வரை இது என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"லைல் போனதுலேருந்து இப்படித்தான் வாங்கி வைக்கிறாரு" என்றான் டுவேன். "மனசு சரியில்லாதவன் எல்லாம் அங்கதான் போறான். பேர் எழுதினா எவன் போவான்?"

அவள் அவன் முட்டியைப் பார்த்தாள். "உனக்கு முட்டிவலின்னு..."

"முட்டிக்கு ஒண்ணுமில்ல."

பிறகு, "மாசக் கடைசிக்கு மேல அதெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

டுவேன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மன்ற வாசல்ல ஓரின் குடுத்தாரு. அலமாரிய நாளைக்கு உன் ரொட்டிக்கடைப் பின்னறைக்கு அனுப்பறாராம். இந்த ஊர்ல யார் வந்து கேட்டாலும் லேசுல திறக்காத ஆளு நீ ஒருத்திதானாம்."