பொம்மையன் வீட்டுக் கெவுளி

சூடம் அணைவதற்குள் ஒரு பல்லி சத்தம் போட்டால் எனக்குக் கல்யாணம். போடாவிட்டால் இல்லை.

சத்யபிரியாவின் அப்பா பொம்மையன், சாமி படங்களுக்கு முன்னால் தட்டில் சூடத்தை ஏற்றிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தப் பையனுக்கு நம்ம புள்ளயக் குடுக்கலாமா? கெவுளி சொல்லட்டும்."

அவ்வளவுதான், வீடே வாயை மூடிக்கொண்டது. பெண் கேட்டு வந்த நாங்களும் அவர்கள் வீட்டு ஆட்களுமாக ஏழு பெரிய மனிதர்கள் பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். கடிக்கக்கூடப் பயம்.

பொம்மையன் சாணார்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர். விவரமான ஆள்தான். ஆனால் கெவுளி சொல்லாமல் எந்தப் பெரிய காரியத்திலும் இறங்கமாட்டார். சித்தப்பா மகனோடு கூட்டுக்கடை போடலாமா என்று கேட்டபோது அது வாயே திறக்கவில்லையாம். அந்த ஆள் அடுத்த வருஷமே ஊரைவிட்டு ஓடிப்போனான். மகளைக் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்பலாமா என்றதற்கு, கேட்டு முடிப்பதற்குள் கத்திவிட்டதாம். இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்பார்.

நான் திண்டுக்கல்லில் அறிவியல் வாத்தியார். சனி, ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய், சாமியார்கள் காட்டும் வித்தைகளை நானே செய்துகாட்டி, அதன் சூட்சுமத்தைப் போட்டு உடைப்பவன். வெறுங்கையில் விபூதி வரவழைப்பேன். எரியும் சூடத்தை நாக்கில் வைப்பேன். இதே சாணார்பட்டியில் அப்படி வைத்தபோதுதான் சத்யபிரியா மேடையேறி, தானும் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, என்னைவிட அதிக நேரம் நின்றாள். அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

அவள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பல்லிச் சத்தத்தை அனுப்பியிருந்தாள். அப்பா சூடம் ஏற்றியதும் பாக்கெட்டில் கையை விட்டு அழுத்திவிடு, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்றாள்.

பத்து வருஷமாக ஏமாற்றுகளைப் பிடிக்கிறவன், ஏமாற்றிப் பெண் கட்டமாட்டேன் என்று வீரவசனம் பேசினேன். அவள் கண் முன்னாலேயே அதை அழித்தும் காட்டினேன்.

இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்காரர் மகனுக்கும் இவளைக் கேட்டிருந்தார்கள். இன்றைக்குக் கெவுளி பேசாவிட்டால் நாளைக்கு அவர்கள் வருகிறார்கள்.

சூடம் பாதியாகிவிட்டது.

பல்லி எதற்குக் கத்தும்? துணையைக் கூப்பிடக் கத்தும், தன் இடத்தைக் காப்பாற்றக் கத்தும். பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம். ரெண்டில் எதற்காகவாவது இப்போது கத்தித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

சுடர் சிறுத்து நீலமானது.

கண்ணை மூடிக்கொண்டேன். பஜ்ஜியோடு சேர்த்துக் கையைக் கூப்பியிருந்தேன் என்று பிறகு அம்மா சொன்னாள். நான் மறுக்கவில்லை.

ட்ச், ட்ச், ட்ச்.

வடக்குச் சுவர்ப் பக்கமிருந்து, தெளிவாக.

"சொல்லிருச்சு!"

பொம்மையன் விரலால் தரையை மூன்று முறை தட்டிக் கும்பிட்டுவிட்டு என் அப்பாவைக் கட்டிக்கொண்டார். ஏழு பஜ்ஜிகளும் ஒரே நேரத்தில் கடிபட்டன. அப்படி ஒரு நிம்மதியை நான் பரீட்சையில் பாஸானபோதும் அனுபவித்ததில்லை, வேலை கிடைத்தபோதும் அனுபவித்ததில்லை.

அறை வாசலில் நின்ற சத்யபிரியா, கடைசியில் அழுத்திவிட்டாயே என்பதுபோலக் கண்ணடித்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை.

கை கழுவப் போகிற சாக்கில் வடக்குச் சுவரிடம் போனேன். டியூப் லைட்டின் பின்னால் எட்டிப் பார்த்தேன். காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு வால்கூட இல்லை. வெள்ளையடித்து ஒரு வாரம் ஆகியிருக்காது, சுவர் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி.

அங்கிருந்து சத்யபிரியாவின் அம்மா மகேஸ்வரி காபித் தட்டோடு வந்தார். நாங்கள் வந்ததிலிருந்து வாங்க என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாத மனுஷி. காலண்டரைத் தூக்கிப் பிடித்து நின்ற என்னைப் பார்த்தார். கூடத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தேடாதீங்க மாப்ள. இருபத்தெட்டு வருசமா இந்த வீட்டுக் கெவுளி நாந்தான்."

நான் காலண்டரை விட்டுவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டேன்.