டயருக்கடியில் எலுமிச்சம்பழம்

முதுகெலும்பில் கட்டி வந்த நாளிலிருந்து உலகநாதனின் மனைவி மங்கைக்கு ரோட்டின் ஒவ்வொரு மேடும் தனித்தனியாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேகத்தடை வந்தால் அவர் காரை உருட்டித்தான் ஏற்றுவார். அப்படியும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அதைக் கேட்க மாட்டாமல்தான், அழகுக்காகப் போட்டிருந்த பெரிய அலாய் வீல்களைக் கழற்றிவிட்டு, சின்ன வீலும் தடித்த டயருமாக மாற்றினார்.

“இனிமே மேடு பள்ளமே தெரியாது சார்,” என்றார் டயர்க் கடைக்காரர்.

மறுநாள் காலை நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, மங்கையை அலுங்காமல் தூக்கிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. சேலை மடிப்பு தடுக்கிறது என்று நினைத்து ஓங்கி அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

“பழம் நசுங்கிடுச்சா? தெரியவே இல்லைங்க,” என்றாள் மங்கை.

முதல் வேகத்தடையில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லை. அடுத்ததில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினார். அவள் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தாள். டயர்க் கடைக்காரரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். கதவிடுக்கிலிருந்து விடுபட்ட அவள் பாதம் வெளியே சரிந்து தொங்கியது. சுண்டுவிரல் நசுங்கி, செருப்பு முழுக்க ரத்தம்.

மங்கை கீழே பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “திரும்பிப் போறப்பவும் இப்படியே ஓட்டுங்க. இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே வலிக்கலை.”