நோகுதோ

எந்த நாட்டுக்குக் கால்பந்து ஆடப் போனாலும் சேயோன் முதலில் கற்றுக்கொள்வது 'வலிக்கவில்லை' என்பதைத்தான். பந்தைக் கேட்கும் சொல்கூட அதற்குப் பிறகுதான். ஜெர்மனில், டச்சில், போர்த்துக்கேயத்தில் முகம் சுளிக்காமல் அதைச் சொல்லித்தான் மூன்று கிளப்புகளில் முன்கள ஆட்டக்காரனாக இருந்தான். இடது முழங்காலுக்குள் ஏதோ நறநறவென்று அரைபடுவது அவனுக்கு மட்டுமே தெரியும். இப்போது டென்மார்க்கில் மருத்துவச் சோதனை. தேறினால்தான் ஒப்பந்தம். கிளப்பின் டாக்டர் கதவருகே நின்றார். நரைத்த தலை பிசியோ, அட்டையிலிருந்த பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு, முழங்காலை மடக்கித் திருப்பி, சரியாக அந்த இடத்தில் பெருவிரலால் அழுத்தினார்.

"நோகுதோ தம்பி?"

சேயோன் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தான். அந்தச் சொல்லால் அவனை அம்மாவைத் தவிர யாரும் கேட்டதில்லை. அம்மாவிடம் அவன் பொய் சொன்னதுமில்லை. 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தான், தமிழில் அது வரவில்லை. கதவருகே டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"நை," என்றான் அவசரமாக, டேனிஷ் மொழியில்.

பெருவிரல் அங்கேயே இருந்தது.

"நான் தமிழிலயெல்லோ கேட்டனான்," என்றார் பிசியோ, மெதுவாக.