கொடியில் நான்காவது முக்காடு

சபையை விட்டு வெளியேறிய மூத்த மகளின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சபை மூப்பரான அவள் அப்பா போட்ட கட்டளை அது. அவளுடைய துணிமணிகளையும் அவரே எரித்தார்.

சனிக்கிழமைதோறும் அம்மா, மறுநாள் ஆராதனைக்கான வெள்ளை முக்காடுகளைத் துவைப்பாள். தனக்கு ஒன்று, வீட்டிலிருக்கும் இரண்டு மகள்களுக்கு இரண்டு. காயப்போடுவது மூன்றுதான். மூத்தவள் போனதிலிருந்து, மாலையில் எடுக்கப் போனால் கொடியில் நான்கு இருக்கும்.

"அம்மா, நாலு இருக்கே?" என்றாள் சின்னவள், முதல் வாரம்.

"வாயை மூடிக்கிட்டு மடி."

நான்காவதை அம்மா அலமாரியின் அடித்தட்டில் வைப்பாள். காலையில் அது அங்கே இருக்காது. கணவரிடம் மூச்சு விடவில்லை. பிசாசின் வேலை என்று கொடியையே அறுத்துப் போட்டுவிடுவார்.

பதினோராவது சனிக்கிழமை கொடியில் மூன்றுதான் இருந்தன. காற்றே இல்லை. ஆனாலும் வேலியோரமெல்லாம் தேடிப் பார்த்தாள். பிறகு மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

வேதப்புத்தகத்திலிருந்து தலை நிமிராத மூப்பர், அவள் மடித்து முடிக்கும்வரை பக்கம் புரட்டவில்லை.

"இன்னொண்ணு எங்கடி?" என்றார்.